தட்டு வரிசையில் தொடங்குங்கள்: யானைக்கவுனித் தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வருபவருக்கு முழுமையான வழிகாட்டி

ஜூனில் பள்ளி திறக்கும்போது மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதல் நியமனமாகச் சேரும் ஆசிரியர், வாரத்தில் இரண்டொரு நாள் வந்துபோகும் தன்னார்வலர், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாகத் தேர்வான அம்மா அல்லது அப்பா: இந்த மூன்று பேரையும் மனத்தில் வைத்து எழுதியது இது. பாடம் நடத்துவதற்கு வேறு கையேடுகள் உண்டு. முப்பது பிள்ளைகள் ஒருவரோடொருவர் பழகி, கோபித்து, மறுபடி சேர்ந்து ஒரு வகுப்பாக ஆவதில் பெரியவர்களின் வேலை என்ன என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

இதற்கு இப்போது சமூக, மனவெழுச்சிக் கற்றல் என்று பெயர். 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய காசெல் என்ற அமைப்பு இதை ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறது: தன் மனநிலையை அறிவது, அதைக் கையாள்வது, அடுத்தவர் நிலையை உணர்வது, உறவைப் பேணுவது, பொறுப்போடு முடிவெடுப்பது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலை முதல் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' என்று இதற்கென்றே தினமும் ஒரு பாடவேளை ஒதுக்கினார்கள். தனிப் பாடவேளையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பதினொரு மணிக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்த பையன் பதினொன்றரைக்குக் குழாயடியில் முன்னால் நிற்பவளைத் தள்ளிவிடுகிறான் என்றால், பாடம் நடத்த வேண்டிய இடம் குழாயடி. அப்படிப்பட்ட இடங்களை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

## வகுப்புக்குள் போகும் முன்: தெருவைப் பாருங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாசல்களில் ஒன்று யானைக்கவுனி. அந்த மதிலுக்காக வசூலிக்க நினைத்த வரி வால்டாக்ஸ் சாலையின் பெயரில் நின்றுவிட்டது. இன்று ஒரு பக்கம் சென்ட்ரல் ரயில் நிலையம், இன்னொரு பக்கம் சௌகார்பேட்டையும் தங்கசாலையும், தண்டவாளத்தைத் தாண்டினால் சூளை. பல ஆண்டு மூடிக்கிடந்த யானைக்கவுனி மேம்பாலத்தில் 2024-இல்தான் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியது. அதுவரை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது ஒரு சுற்றுப்பயணம்.

ஒரு காலை ஆறு மணிக்கும் ஒரு மாலை ஏழு மணிக்கும் வால்டாக்ஸ் சாலையில் நடந்து பாருங்கள். பார்சல் மூட்டை தூக்குபவர்கள், மீன்பாடி வண்டிக்காரர்கள், மொத்தக் கடைகளில் சரக்கு அடுக்குபவர்கள், பூ கட்டுபவர்கள், தலைமுறைகளாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துபவர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இவர்கள் வீட்டிலிருந்து வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுபவர்களோடு தெலுங்கு, உருது, இந்தி, மார்வாரி பேசுபவர்களும் உண்டு. இரவெல்லாம் லாரி இறக்கும் சத்தத்துக்கு நடுவே படுத்த பிள்ளை முதல் பாடவேளையில் தூங்கி விழுந்தால் அதைச் சோம்பல் கணக்கில் எழுதாதீர்கள்.

## முதல் படி: பெயர்

முதல் வாரத்தில் வேறெதுவும் முடியாவிட்டாலும் இதை முடித்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அந்த உச்சரிப்போடு கற்றுக்கொள்ளுங்கள். பிகாரிலிருந்து வந்த பிள்ளையின் பெயர் வாயில் நுழையவில்லை என்று சுருக்கிக் கூப்பிட்டால், இடைவேளைக்குள் வகுப்பே அந்தச் சுருக்கப் பெயரைக் கேலிப் பெயராக்கிவிடும். 'சேட்டு', 'இந்திக்காரன்', 'கொல்டி' என்ற விளிகள் இந்த வட்டாரத்தில் பெரியவர்கள் வாயிலேயே சர்வசாதாரணமாகப் புழங்குபவை. பிள்ளைகள் அதை வசவென்று அறியாமலும் சொல்வார்கள், அறிந்தும் சொல்வார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: "அவனுக்குப் பேர் இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடு." சொற்பொழிவு வேண்டாம். ஒவ்வொரு முறையும், சலிக்காமல், அதே வாக்கியம்.

உட்காரும் இடமும் இதோடு சேர்ந்தது. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. சின்னப் பிள்ளைகளிடம் நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: வாரம் ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பாயில் குவிந்தால் தெருச் சண்டையும் அந்தப் பாயில் வந்து உட்காரும். 2025 ஜூலையில் 'ப' வடிவில் உட்கார வைப்பது பற்றி எழுந்த சர்ச்சை நினைவிருக்கலாம். கழுத்து வலிக்கும் என்றார்கள், திரைப்படத்தைப் பார்த்துத் திட்டமா என்றார்கள். தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்தே பிள்ளைகள் குழுக் குழுவாகத்தான் உட்காருகிறார்கள். வடிவம் எதுவானாலும், யார் முதுகைப் பார்த்தபடி யார் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கவனித்தால் போதும்.

## இரண்டாம் படி: தட்டு வரிசை

சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1920-இல் சர். பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட மன்றம் ஒப்புதல் தந்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். இதனால் தொடக்கப் பள்ளியில் இன்று நாள் தொடங்குவதே தட்டோடு. வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன்பே வகுப்பு கூடிவிடுகிறது. பிள்ளைகளின் மனநிலையை அறிய இதைவிட நல்ல நேரம் நாள் முழுக்கக் கிடைக்காது. ஆசிரியர்கள் பலர் அப்போது ஆபீஸ் அறையில் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் வரிசையின் நடுவில் நில்லுங்கள், முன்னால் வேண்டாம். முன்னால் நிற்பவர் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார். நடுவில் நின்றால் காதில் விழும். யார் தட்டைத் தலையில் கவிழ்த்துத் தாளம் போடுகிறான், யார் எப்போதும் கடைசிக்கு ஒதுங்குகிறாள், யார் தம்பிக்காகக் கொஞ்சம் ஒளித்துவைக்கிறான், யார் பக்கத்தில் யார் உட்கார மறுக்கிறார் என்று ஒரு வாரம் பாருங்கள். எதையும் திருத்த வேண்டாம். வீட்டுக்குப் போய் நாலு வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து வேலைகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தட்டு எடுத்துத் தருபவர், தண்ணீர் ஊற்றுபவர், பாய் விரிப்பவர், குழாயடியில் வரிசை பார்ப்பவர், சிந்தியதைத் துடைப்பவர். சூடான சாம்பார் வாளியைப் பெரியவர்களே கையாள வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியும் மேலாடையும் மாட்டிக்கொண்டு தங்கள் வகுப்புக்குத் தாங்களே பரிமாறுகிறார்கள், முறை வைத்து. நம் ஊரில் இந்த முறையை வைக்கும்போது ஒன்றில் கண் வேண்டும். துடைப்பமும் துணியும் எப்போதும் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள் கைக்கே போய்விடும், தண்ணீர் ஊற்றும் வேலை வேறு சிலர் கைக்குப் போய்விடும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, பிள்ளைகள் தெருவில் பார்த்ததைச் செய்கிறார்கள். அதனால் வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, தேதி போட்டு, ஆண் பெண் பார்க்காமல் எல்லோரும் எல்லாம் செய்யும்படி சுழற்றுங்கள். நீங்களும் வாரத்தில் ஒரு நாள் துணியைக் கையில் எடுங்கள்.

தட்டு கவிழும். கிச்சடி தரையெல்லாம் சிதறும், ஒரு பத்துப் பேர் "ஹோ"வென்று கத்துவார்கள், கொட்டியவன் முகம் அழுகைக்குப் போகும். அந்த நிமிடத்தில் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையை வகுப்பு ஆண்டு முழுக்க நினைவில் வைத்திருக்கும். "யாருக்காவது பட்டுச்சா? சரி. ரெண்டு பேர் துணி எடுங்க, ஒருத்தர் இன்னொரு தட்டு கொண்டாங்க." அவ்வளவு போதும். அடுத்த முறை கொட்டும்போது நீங்கள் வாய் திறக்கும் முன்பே யாராவது துணியோடு வந்து நிற்பார்கள்.

'பசிக்கல' என்று தினமும் சொல்லும் பிள்ளையை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். யார் எத்தனை தடவை வாங்கினார் என்று சிரிக்கவும் வேண்டாம்.

## மூன்றாம் படி: பத்து நிமிட வட்டம்

காலையில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். ஒரு பந்தோ கட்டையோ கைமாறுகிறது. அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், பேசப் பிடிக்காவிட்டால் அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிடும் உரிமை மிக முக்கியம். அது இல்லாவிட்டால் இது இன்னொரு ஒப்புவித்தல்.

கேள்வியைச் சின்னதாக வையுங்கள். "இன்னைக்கு வர்ற வழியில என்ன பாத்த?" என்று கேட்டால் மேம்பாலத்தடி ஆட்டுக்குட்டி வரும், தடம் மாறிய ரயில் பெட்டி வரும். "வீட்ல நேத்து என்ன நடந்துச்சு?" என்று கேட்காதீர்கள். குடித்துவிட்டு வந்த அப்பாவைப் பற்றி முப்பது பேர் நடுவில் பேசவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

மனநிலைச் சொற்களைப் பற்றி ஒரு சண்டை எனக்கு உண்டு. வண்ண வண்ண முகங்கள் வரைந்து 'மகிழ்ச்சி', 'வருத்தம்', 'சினம்' என்று எழுதிய அட்டை பல வகுப்புகளில் தொங்குகிறது. பிள்ளைகள் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் உண்மையில் சொல்வது 'கடுப்பாகீது', 'காண்டாயிட்டேன்', 'பேஜாரா கீது', 'ஒரு மாதிரியா கீது'. கடுப்புக்கும் காண்டுக்கும் வித்தியாசம் கேட்டுப் பாருங்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை நுணுக்கமாகச் சொல்லும்: கடுப்பு தானாக ஆறிவிடும், காண்டு யார் மேலாவது போய் விழும். தன் மனத்தைத் தானே அறிவது என்று காசெல் சொல்வதில் பாதி இங்கேயே நடந்துவிட்டது. அந்த நேரத்தில் 'கீது' தப்பு, 'இருக்கிறது' என்று சொல் என்று திருத்தினால் பேச்சு நின்றுவிடும். இலக்கணத்துக்குத் தமிழ்ப் பாடவேளை இருக்கிறது. தமிழ் வராத பிள்ளை இந்தியிலோ தெலுங்கிலோ சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் யாராவது மொழிபெயர்ப்பார், அதில் அவருக்கும் ஒரு பெருமை.

## நான்காம் படி: சண்டை

இதற்குத்தான் அதிக நேரம் வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் எந்த நாளிலும் கேட்கும் பேச்சு இது:

"மிஸ், இவன் என் ஷார்ப்னர எட்துக்கினான்."

"நா எட்க்கல மிஸ், கீழ கெடந்துச்சு."

"பொய் சொல்றான் மிஸ், நேத்தும் ரப்பர எட்தான்."

இந்த இடத்தில் பெரியவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. ஷார்ப்னரைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரையும் திட்டுவது, அல்லது "சாரி சொல்லு, கை குடு" என்று முடித்துவிடுவது. முதலாவதில் பொருளை இழந்தவன் இரண்டு முறை இழக்கிறான். இரண்டாவதில் சாரி என்பது தப்பிக்கும் சீட்டாகிவிடுகிறது, பிள்ளைகள் அதை இரண்டு நாளில் கற்றுக்கொள்கிறார்கள்.

வேறு வழி இப்படி. இருவரையும் கூட்டத்திலிருந்து ஓரமாக அழைத்து உட்காருங்கள், நீங்களும் தரையில். "நீ முதல்ல சொல்லு. அவன் முடிக்கிற வரைக்கும் நீ கேளு, அப்புறம் உன் முறை." ஒருவன் சொன்னதை மற்றவன் திருப்பிச் சொல்ல வேண்டும்: "இவன் ஷார்ப்னர் இவங்க அக்கா வாங்கிக் குடுத்ததாம்." பெரும்பாலும் இந்த வாக்கியத்திலேயே சூடு பாதி இறங்கிவிடும், ஏனென்றால் அக்கா வாங்கித் தந்தது என்பது எடுத்தவனுக்குத் தெரியாது. பிறகு கேள்வி: "இப்ப என்ன பண்ணா சரியாகும்?" தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளைகள் சொல்லும் தீர்வு உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஒரு வாரம் அவனுக்கும் இவனே பென்சில் சீவித் தருவான் என்பார்கள். இருவரும் ஒப்புக்கொண்டால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்து மறக்காமல் விசாரியுங்கள்.

எல்லாச் சண்டைக்கும் நீங்கள் தேவையில்லை. 'கா' விடுவதும் 'பழம்' விடுவதும் நம் பிள்ளைகள் தாங்களே வைத்திருக்கும் ஏற்பாடு. விரலைக் காட்டிப் பேச்சை முறிக்கலாம், விரலைக் காட்டியே திரும்பச் சேரலாம், யார் சரி யார் தப்பு என்று தீர்க்க வேண்டியதே இல்லை. 'கா' ஒரு நாளைக்கு மேல் நீண்டாலோ, ஒருத்திமேல் பத்துப் பேர் சேர்ந்து 'கா' விட்டாலோ மட்டும் நுழையுங்கள். பத்துப் பேர் சேர்ந்தது சண்டை இல்லை, ஒதுக்கல். அதற்கு வட்டமாக உட்காரவைத்துப் பஞ்சாயத்து செய்யக் கூடாது. ஒதுக்கப்பட்டவளை மறுபடி நடுவில் நிறுத்துவதாகிவிடும். பத்துப் பேரில் தலைமையாக இருப்பவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

லீடர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' பெயர் எழுதும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காவல் அதிகாரம் கொடுத்தால் நண்பர்கள் பெயர் அழியும், பிடிக்காதவர் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி ஏறும். அடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பதும் வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் அதில் சேர்ந்தவையே.

## ஐந்தாம் படி: ஆட்டைக்கு யார் யார்?

இரண்டு கேப்டன்கள் நின்று ஆள் ஆளாக எடுக்கும் முறையில் கடைசியாக மிஞ்சும் பிள்ளை எப்போதும் அதே பிள்ளைதான். 'சாட் பூட் த்ரீ' போட்டுப் பிரியுங்கள். உள்ளங்கை மேலே வந்தவர் ஒரு பக்கம், கீழே வந்தவர் மறுபக்கம். அதில் யார் மானமும் போகாது.

சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி, 'நீ விளையாட வரக் கூடாது என்று சொல்லக் கூடாது' என்ற ஒரே விதியைத் தன் வகுப்பில் கொண்டுவந்து, அந்த அனுபவத்தை 1992-இல் நூலாக எழுதினார். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் அவர் கருத்துக் கேட்டபோது, விதி நியாயம்தான், ஆனால் நடக்காது என்றே பலர் சொன்னார்கள். சின்ன வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பில் இந்த விதியை வையுங்கள், ஐந்தாம் வகுப்பில் பேரம் பேச வேண்டியிருக்கும்.

யானைக்கவுனிப் பள்ளிகளில் பெரிய மைதானத்தை எதிர்பார்க்காதீர்கள். இடுக்கான முற்றத்துக்கு நொண்டியும் கல்லா மண்ணாவும் போதும். மழைக்காலத்துக்குக் கேரம் பலகை ஒன்று வாங்கிவையுங்கள். வடசென்னையில் அதற்கு மரியாதை உண்டு: 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடியில் தங்கராஜ், உமாபதி என்ற இருவர் கால்பந்தைக் காட்டித்தான் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைத்தார்கள். 2019-இல் லண்டனில் நடந்த தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற தென்னிந்திய அணியில் தண்டையார்பேட்டை கருணாலயா அமைப்பின் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் போட்டியில் ஆணும் பெண்ணும் ஒரே அணி. உங்கள் முற்றத்திலும் அப்படியே இருக்கட்டும்.

## குறிஞ்சி முதல் பாலை வரை

2024 நவம்பர் 14 அன்று அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' தொடங்கியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். வகுப்பு தாண்டி, பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் ஒரே குழுவில் வருவது இதன் நல்ல பக்கம். ஐந்தாம் வகுப்பு அக்காவை ஒன்றாம் வகுப்புப் புதுப் பிள்ளைக்குத் துணையாகப் போட இது வசதி. புள்ளிக் கணக்கை மட்டும் கொஞ்சம் அடக்கிவையுங்கள். வருகைக்கும் சீருடைக்கும் புள்ளி போட்டால், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்ற பிள்ளையைக் குழுவே திட்டும்.

## வீட்டோடு பேசுவது

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். காகிதத்தில் வலுவான குழு. ஆனால் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வைத்தால் மூட்டை தூக்குபவருக்கு அரை நாள் கூலி போச்சு. நேரத்தை அவர்களிடம் கேட்டு வையுங்கள். அமெரிக்காவின் நியூ ஹேவனில் மருத்துவர் ஜேம்ஸ் கோமர் 1968-இல் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய வேலை, பெற்றோரைப் பள்ளி நிர்வாகத்துக்குள் உட்கார வைத்ததில்தான் ஆரம்பித்தது. குறை சொல்ல மட்டும் கூப்பிடுகிற பள்ளிக்கு யாரும் ஆசையாக வரமாட்டார்கள் என்பது எந்த ஊருக்கும் பொது. முதல் மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போக வேண்டும்: "உங்க பொண்ணு இன்னைக்குப் புதுசா வந்த பிள்ளைக்குக் குழாய் எங்கேன்னு காட்டுச்சும்மா." வாசலில் விட வரும் ஆயாவிடம் சொன்னாலும் போதும், வீட்டுக்குப் போய்ச் சேரும்.

பிறந்தநாள் கொண்டாட்டத்தைப் பெற்றோரோடு பேசி ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். கலர் டிரஸ்ஸும் சாக்லேட் பாக்கெட்டும் கொண்டுவர முடியாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும். மாதத்துக்கு ஒரு நாள், அந்த மாதத்தில் பிறந்த எல்லோருக்கும் சேர்த்துப் பாட்டு.

இங்கே பிள்ளைகள் நடு ஆண்டில் வருவார்கள், போவார்கள். மறுகுடியமர்வில் பெரும்பாக்கம் போகும் குடும்பம் உண்டு, வேலை முடிந்து ஊர் திரும்பும் குடும்பம் உண்டு. போகிறவர் தெரிந்தால் வகுப்பே படம் வரைந்து கொடுத்து அனுப்பட்டும். சொல்லாமல் போய்விட்டால் அடுத்த நாள் வட்டத்தில் பெயர் சொல்லிப் பேசுங்கள். இல்லாவிட்டால் அடுத்து நாம்தான் காணாமல் போவோமோ என்று சில பிள்ளைகள் மனத்துக்குள் வைத்துக்கொள்வார்கள்.

## உங்கள் கைக்கு மீறியது

அடிபட்ட தழும்பு, திடீரென்று பேச்சு நிற்பது, யாராவது ஒரு பெரியவர் பெயர் கேட்டாலே ஒடுங்குவது: இவற்றை வட்டத்திலும் பேச வேண்டாம், நீங்களே துப்பறியவும் வேண்டாம். பிள்ளை சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லது. உன்னைப் பாத்துக்கறவங்ககிட்ட நான் சொல்லணும்" என்று சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் சட்டக் கடமை, தலைமையாசிரியர் தயங்கினாலும். சிறார் உதவி எண் 1098 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதிவையுங்கள், ஆபீஸ் அறைக்குள் வேண்டாம்.

## ஏப்ரலில் செய்ய வேண்டியது

ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கும்போது வாய்மொழியாக ஒரு பட்டியலும் கூடவே போகும்: இவன் வாலு, இவள் அழுமூஞ்சி, இவன் கை நீளம். அதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு இரண்டு வரி எழுதிக்கொடுங்கள். எது பிள்ளையைக் காண்டாக்கும், எது ஆற்றும். 'கத்தினால் மேசைக்கடியில் போய் உட்காருவான், பக்கத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவான்.' 'பேசமாட்டாள், தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தால் எல்லோர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவாள்.' ஜூன் மாதம் நீங்கள் தட்டு வரிசையில் எழுதிய நாலு வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் வேலை சுலபம்.